ஊருணித் தண்ணீர் குடித்த ஒற்றை வீடு

ராமேஸ்வரம் கோயிலின் இருபத்திரண்டு தீர்த்தங்களையும் இருபத்திரண்டு டம்ளரில் மொண்டு வைத்து, கூத்தையாவின் கண்ணைக் கட்டி உட்கார்த்தினால், ஒவ்வொரு சொட்டு நாக்கில் பட்டதுமே எது எந்தத் தீர்த்தம் என்று வரிசை பிசகாமல் சொல்லிவிடுவார். இது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. இருபத்திரண்டு இல்லை, பதினைந்து. பதினைந்தும் அதிகம்தான். ஓர் ஆடி அமாவாசைக்குப் போன இடத்தில், ஈர வேட்டியோடு நின்றபடி ஒன்பதைச் சொன்னார். அதில் இரண்டு தப்பு. போகட்டும், மிச்சம் ஏழு இருக்கிறதே. அந்த ஏழைச் சொல்ல ஜில்லாவில் வேறு யாருக்கு நாக்கு இருந்தது?

அந்த நாக்கு பிறவியில் வந்ததில்லை, பஸ்ஸில் வந்தது. எழுபத்து நான்காம் வருஷம் கண்டக்டராகச் சேர்ந்து, இரண்டாயிரத்தில் பையைக் கழற்றி மாட்டும் வரை இருபத்தாறு வருஷம் கூத்தையா இந்தச் சீமையின் தண்ணீரையெல்லாம் குடித்தார். ஒரு வாரம் பரமக்குடியிலிருந்து உப்பூர், மறுவாரம் ராமநாதபுரத்திலிருந்து ஏர்வாடி. வண்டி நின்றதும் டீக்கடைக்காரனிடம் அவர் முதலில் கேட்பது, "இங்கன குடிக்கிற தண்ணி எதுப்பா?" என்பதுதான். உப்பூரில் கடலோர மணலில் தோண்டிய ஊற்று, வாயில் இனித்து, விழுங்கிய பிறகு தொண்டையில் லேசாகக் கரிக்கும். பரமக்குடி வைகை மணல் ஊற்று பல்லில் பட்டதுமே சில்லென்று இருக்கும். ஏர்வாடியில் அவருடைய டிரைவர் சீனி முகம்மது வீட்டுக் கிணற்றுத் தண்ணீருக்குச் சோப்பு நுரைக்காது. குடித்தால் கால் மணி நேரம் நாக்கு பிசுபிசுக்கும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த பிறகு அவருக்கு வீட்டில் பொழுதே போதவில்லை. வீடு கொக்கடியேந்தலில், பஸ் நிறுத்தத்துக்கு நேரெதிரே. காலையில் நாட்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அன்றைக்குப் போன வண்டிகளின் நேரத்தைக் குறிப்பார். கண்ணால் பார்த்து இல்லை. உள்ளே படுத்தபடி சத்தத்தை வைத்து. "ஒம்பதரை வண்டி மூணு நிமிசம் லேட்டு. மூணாவது கியர் கடிக்குது," என்று சுவரிடம் சொல்வார். பழைய விசிலை ஒரு சரட்டில் கோத்து ஆணியில் மாட்டியிருந்தார். அடுப்படியில் பால் பொங்கும்போது அதை எடுத்து ஒரு தடவை ஊதுவார். மனைவி சோலையம்மாள் ஓடிவந்து இறக்கியதும் இரண்டு தடவை ஊதுவார். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ.

"எந்திரிச்சு எறக்கி வச்சா கையி கழண்டுருமாக்கும்," என்பாள் சோலையம்மாள்.

"டிரைவரு வேலைய கண்டக்டரு செய்யப்படாதுடி."

எல்லாவற்றிலும் பெரிய சந்தோஷம் வியாழக்கிழமைச் சாயங்காலம். சீனி முகம்மது பரமக்குடியில் கட்டிக்கொடுத்த தன் மகள் காலிதாவைப் பார்க்கப் போகிற வழியில் கொக்கடியேந்தலில் இறங்குவார். கையில் ஒரு பாட்டில், அதில் ஏதோ ஓர் ஊரின் தண்ணீர். சோலையம்மாள் அதை டம்ளரில் ஊற்றி வைப்பாள். கூத்தையா வாயில் வைத்து, கண்ணை மூடி, கன்னத்துக்குக் கன்னம் உருட்டி விழுங்குவார். யோசிக்க வேண்டியிருந்தால் டம்ளரை நகத்தால் ஒரு தட்டு. விடை வந்துவிட்டால் இரண்டு தட்டு.

"மண்டபம். ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால கெணறு. மழைக்குப் பெறகு மொண்டது."

"மாப்ளே, நீ மனுசனே இல்லை," என்று சீனி முகம்மது தலையைச் சொறிவார். சரியா தப்பா என்று எல்லா முறையும் அவருக்கே தெரியுமா என்பது வேறு விஷயம்.

பயணத் தண்ணீர் இத்தனை இருந்தும், வீட்டுத் தண்ணீர் என்றால் கூத்தையாவுக்கு ஒன்றுதான். கொக்கடியேந்தல் ஊருணி. ஊருக்கு மேற்கே முக்கால் மைல், சீமைக்கருவேலங் காட்டைத் தாண்டி. ஐப்பசி மழையில் நிறைந்தால் மறு மழை வரை ஊர் குடிக்கும். வாசலுக்கு முள்படல் உண்டு. செருப்பை வெளியே விட வேண்டும், குடத்தைத் தவிர எதுவும் தண்ணீரில் படக்கூடாது, ஆடு மாடு எட்டிப் பார்க்கக்கூடாது. படியில் காலைக் கழுவிய ஒரு புது மாப்பிள்ளைக்குக்கூட ஊர் அபராதம் போட்டிருக்கிறது. கோடையில் தண்ணீர் கலங்கி டீ நிறத்துக்கு வந்துவிடும். சோலையம்மாள் இடுப்பில் ஒன்று தலையில் ஒன்றாக இரண்டு குடம் கொண்டுவந்து, தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் வட்டமாக உரசி ஊற்றி மூடி வைப்பாள். விடிந்தால் வண்டல் அடியில் படிந்து, மேலே கண்ணாடி மாதிரி நிற்கும். அதில் மண் வாசமும் கொட்டை வாசமும் கலந்து ஒரு ருசி. அந்த ருசிக்குக் கூத்தையா சொத்தை எழுதிவைப்பார்.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம் கொக்கடியேந்தலுக்குக் குழாய் வந்தது. திருச்சிப் பக்கமிருந்து வருகிற காவிரித் தண்ணீர் என்றார்கள். பஸ் நிறுத்தத்தை ஒட்டி, கூத்தையா வீட்டு வாசலிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில் குழாயடி. ஊர்ப் பெண்கள் பொங்கலை இன்னொரு தடவை கொண்டாடினார்கள். அன்றைக்கே பள்ளிக்கூட வராந்தாவில் ஊர்க் கூட்டம் போட்டார் தலைவர் பூமிநாதன். இனி ஊருணித் தண்ணீரை யாரும் குடிக்கப் போவதில்லை. படலை எடுத்துவிட்டு மீன் குத்தகைக்கு விடலாம், மாட்டையும் குளிப்பாட்டலாம் என்றார்.

கூத்தையா எழுந்து நின்றார்.

"எங்க அய்யா மண்ணு வெட்டுன ஊருணி. கொழாத் தண்ணி என் நாக்குல படாது. நான் ஒருத்தன் குடிக்கிற வரைக்கும் அது குடிக்கிற ஊருணி. அதுல மாட்ட விட்டா என் வாயில விட்ட மாதிரி."

ஊரில் சண்டைக்கு யாருக்கும் மனசில்லை. ஒரு வீடு குடித்தாலும் குடிதண்ணீர்தான், அதுவரை படல் இருக்கட்டும், ஆவணியில் மறுபடி கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. கூத்தையா மார்பு விரிய வீட்டுக்கு வந்து, சோலையம்மாள் நீட்டிய டம்ளரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து, நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார். "இதுதாண்டி தண்ணி," என்றார். சோலையம்மாள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்தப் பேச்சுத்தான். எதிரே குழாயடியில் நிற்கிற பெண்களிடம் உள்ளேயிருந்தபடியே, "குடிங்கத்தா, பைப்புத் துருவக் குடிங்க," என்று குரல் கொடுப்பார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். தன் பேச்சுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று அவரும் சிரிப்பார்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை சீனி முகம்மது பாட்டிலோடு இறங்கினார். வழக்கம்போல டம்ளர் வந்தது. கூத்தையா உருட்டக்கூட இல்லை. முதல் மிடறிலேயே இரண்டு தட்டு.

"ஏன் மச்சான், என்னையவே சோதிக்கிறியா. எங்க வீட்டுப் பானையில மொண்டு எனக்கே கொண்டாந்துருக்க. நம்ம ஊருணித் தண்ணி."

சீனி முகம்மதுவின் வாயில் தயாராக இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அவர் கண் ஒரு தடவை சோலையம்மாள் பக்கம் போய்த் திரும்பியது.

"இல்ல மாப்ளே. எங்க ஏர்வாடி வீட்டுக்கும் அதே காவிரிக் கொழா வந்துருச்சு. அதுல பிடிச்சது. நீ காறித் துப்புவன்னு வெளாட்டுக்குத்தான் கொண்டாந்தேன்."

கூத்தையா இன்னொரு மிடறு குடித்தார். மறுபடியும் ஒரு மிடறு. நாக்கு திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னது: வீட்டுத் தண்ணீர். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். தட்டவில்லை.

சோலையம்மாள், "அண்ணே, காப்பி போடவா?" என்றாள்.

"வேணாம் தங்கச்சி. ஆறு மணி வண்டியப் பிடிக்கணும்," என்று சீனி முகம்மது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆறு மணிக்கு இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது.

அடுத்த மூன்று நாள் கூத்தையா நாட்காட்டித் தாளைக் கிழிக்கவில்லை. பஸ்கள் தம்பாட்டுக்கு வந்து தம்பாட்டுக்குப் போயின. குழம்பில் உப்பில்லை என்று சோலையம்மாளே சொல்லிவிட்டு உப்பை நீட்டினாள். அவர் வேண்டாம் என்றார். நாக்கே போன பிறகு உப்பு இருந்தென்ன. அறுபத்தேழு வயது. கண்ணில் புரை எடுத்தாயிற்று, பல் பாதி. நாக்கு ஒன்றுதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தது, அதுவும் ஓய்வு வாங்கிவிட்டது. திங்கட்கிழமை ஊர்க் கூட்டம். எந்த நாக்கை வைத்துக்கொண்டு நிற்பது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோலையம்மாள் அவர் முன்னால் ஒரு பழைய பால்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே காய்ந்து வெடித்த களிமண்ணும் ஒரு தேத்தாங்கொட்டையும்.

"உங்க நாக்குக்கு ஒண்ணும் ஆகலை. சரியாத்தான் சொல்லுச்சு," என்றாள்.

"என்னடி இது?"

"ஊருணி மண்ணு. மொதல்ல கொழாத் தண்ணியில ஒரு சிட்டிகை கரைச்சு, கொட்டைய ஒரசி வச்சேன். பெறகு மண்ணு போடலை. நீங்க ஒண்ணுஞ் சொல்லலை. பெறகு கொட்டையும் ஒரசலை. அப்பயும், இதுதாண்டி தண்ணின்னீக. சரின்னு விட்டுட்டேன்."

கூத்தையாவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாக்கு போகவில்லை. சீனி முகம்மது கொண்டுவந்ததும் வீட்டில் குடித்ததும் ஒரே தண்ணீர். ஒரே தண்ணீர் என்றுதான் நாக்கு சொன்னது. கூட்டத்தில் எழுந்து நின்றுகொள்ளலாம் போலிருந்தது. அதற்குப் பிறகுதான் மற்றது மெதுவாக வந்து உறைத்தது. இருபத்தாறு வருஷம், ஐம்பது பேர் நெருக்குகிற வண்டியில் டிக்கெட் வாங்காமல் நிற்பவனை அவன் பிடரியைப் பார்த்தே கண்டுபிடித்தவர். அவருடைய சொந்த வீட்டில், சொந்த அடுப்படியில், தினமும் நாலு டம்ளர் டிக்கெட் இல்லாமல் ஏறி இறங்கியிருக்கிறது.

"எப்பேர்ந்து?"

"முட்டி முடியாமப் போனதுலேர்ந்து."

சித்திரையில் அவளைப் பரமக்குடிக்குக் கூட்டிப்போய் முட்டியில் ஊசி போட்டது அவருக்கு ஞாபகம் வந்தது. மனசுக்குள் விரல் மடக்கினார். நாலு மாதம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சைக்கிள்ல கட்டிக் கொண்டாந்துருப்பேன்ல?"

"சொன்னேன். போன ஐப்பசியில ஊருணிப் படியில வழுக்கி விழுந்து குடத்தோட வந்து நின்னு சொன்னேன். ஒம்பதரை வண்டி கியர் கடிக்குதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தீக."

"நான் ஊரு முன்னாடி என்னன்னு சொல்லியிருக்கேன். உனக்குத் தெரியாதா? என்னையப் பொய்யனாக்கிப் போட்டியேடி."

"பொய் சொன்னது நானு. நீங்க எப்படிப் பொய்யனாவீக?"

அந்தக் கேள்வி இன்னும் எரிச்சலாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளி வெளியே வந்தார். குழாயடியில் இரண்டு பெண்கள் நின்றார்கள். "அய்யா, பைப்புத் துரு வேணுமா?" என்றாள் ஒருத்தி. மற்றவள் அவள் இடுப்பில் இடித்தாள். கூத்தையாவின் சைக்கிள் அங்கேயே நின்றுவிட்டது. இந்தச் சிரிப்பை எத்தனை மாதமாகப் பார்த்திருக்கிறார். சோலையம்மாள் குடத்தோடு தினமும் வந்து நின்றது இந்தக் குழாயடியில். வரிசையில் இவர்களுக்கு முன்னாலும் பின்னாலும். ஊருக்கே தெரிந்திருக்கிறது. வாசலைத் தாண்டிப் பத்தடி. அவர் உள்ளே படுத்து, பஸ்ஸின் கியரைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். குடம் நிறைகிற சத்தம் காதில் விழவில்லை.

ஊருணிக்குப் போகிற ஒற்றையடிப் பாதை இருந்த இடத்தில் சீமைக்கருவேலம் இரண்டு பக்கமிருந்தும் கைகோத்து நின்றது. முள் வேட்டியைக் கிழித்தது. படல் சாத்தியபடி பத்திரமாக இருந்தது. அதன் முன்னால் ஒரு செருப்புத் தடம்கூட இல்லை. நடுவில் கொஞ்சம் தண்ணீர், மேலே பச்சைப் படலம். ஒருவரும் குடிக்காத தண்ணீருக்கு ஒருவரும் திறக்காத படல். இதற்காகத்தான் மார்பை விரித்துக்கொண்டு நின்றார். அவர் செருப்பை வெளியே விட்டு, படலைத் திறந்து இறங்கி, பாசியை விலக்கி, கையால் அள்ளிக் குடித்தார். பாசி வாடை அடித்தது. மண் பல்லில் நறநறத்தது. அப்பா வெட்டிய ஊருணியின் தண்ணீர் அவருடைய நாக்குக்கு வெளியூர்த் தண்ணீராக இருந்தது.

திரும்பும் வழியில் டீக்கடைத் தொலைபேசியில் ஒரு ரூபாய்க் காசைப் போட்டு ஏர்வாடிக்குப் பேசினார்.

"மச்சான், உனக்குத் தெரியுமா?"

சீனி முகம்மது உடனே ஒத்துக்கொண்டார்.

"பஸ்ஸு நிக்கிற எடமே அதுதானே மாப்ளே. எறங்கையில பார்ப்பேன். தங்கச்சி கையெடுத்துக் கும்பிட்டுச்சு. நான் என்ன செய்ய?"

"அப்பறம் எதுக்குடா கொழாத் தண்ணியக் கொண்டாந்து குடுத்த?"

"அதுதான் சொன்னேனே, வெளாட்டுன்னு. வீட்டுல மண்ணு போட்டுக் குடுக்குதுன்னு தங்கச்சி சொல்லியிருந்துச்சு. நிறுத்திப்போட்டது எனக்குத் தெரியாது. நீ வித்தியாசம் கண்டுபிடிச்சுத் துப்புவன்னு நெனைச்சேன், மாப்ளே. அல்லா மேல ஆணை."

காசு தீர்ந்து தொடர்பு அறுந்தது. இன்னொரு காசு சட்டைப்பையில் இருந்தது. கூத்தையா போடவில்லை.

அன்று சாயங்காலம் அவர் இரண்டு பிளாஸ்டிக் குடத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊருணிக்குப் போய்வந்தார். பாதி வழியில் ஒரு குடம் சரிந்து கவிழ்ந்தது. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, டப்பாவிலிருந்த கொட்டையை எடுத்துத் தானே உரசினார். வலப்பக்கம் உரசுவதா இடப்பக்கமா என்று தெரியவில்லை. சோலையம்மாள் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்டால் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. வீட்டில் இரண்டு பானையாயிற்று. அவளுடையது ஜன்னலோரம், அவருடையது கதவோரம். பால் பொங்கியது. விசில் ஆணியிலேயே தொங்கியது.

திங்கட்கிழமை கூட்டத்தில் ஊர் முழுக்க வந்திருந்தது. ஆண்கள் வராந்தாவில், பெண்கள் கீழே மணலில். பூமிநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கூத்தையா மாமா, நீங்க சொல்லிருங்க. ஊருணித் தண்ணி குடிக்கிறீகதானே?" என்றார். கேட்கும்போதே அவர் உதட்டோரம் லேசாக இழுபட்டது. இப்போது கூத்தையாவுக்கு அந்த உதடு என்ன சொல்கிறது என்று தெரிந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும், ஊர் தலையாட்டிவிட்டு எழுந்து போகும். ஒரு கிழவனுக்குப் பொம்மை வாங்கிக் கொடுக்கிற மாதிரி.

அவர் எழுந்து நின்றார்.

"சித்திரையிலேர்ந்து நாலு மாசம் நான் குடிச்சது கொழாத் தண்ணி. இந்த ஊருல அது தெரியாத ஒரே ஆளு நான்தான். ஒருத்தரும் சொல்லலை. போகட்டும். நேத்துலேர்ந்து குடிக்கிறது ஊருணித் தண்ணி. நானே சைக்கிள்ல கொண்டாந்தது. நாறுது. அதையுஞ் சொல்லிப்புடறேன். ஆனாலும் குடிக்கிறேன். படல எடுக்கிறதுன்னா எடுத்துக்கங்க."

சிரிக்கலாம் என்று வந்தவர்கள் சிரிக்கவில்லை. பூமிநாதன் பெரியவர்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். "ஒரு வீடு குடிச்சா ஒரு வீடுதானே, அப்படித்தானே பேசுனோம்," என்றார் பூமிநாதன். "இந்த மழைக்கும் படல் இருக்கட்டும். பாதையில முள்ள வெட்ட ரெண்டு ஆளு போடுவோம்."

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மூன்று நாள் குனிந்திருந்த தலை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. நிமிர்ந்ததும் பழைய குரலும் வந்துவிட்டது.

"இன்னொண்ணையும் சொல்லிப்புடறேன். நடுவுல நடந்தது என் பொஞ்சாதி வேலை. ஆனா தை மாசம் இதே எடத்துல நின்னு நான் சொன்ன சொல்லு சுத்தமான சொல்லு. சொல்லிட்டு, வீட்டுக்குப் போயி நின்னாப்புல ஒரு டம்ளர் ஊருணித் தண்ணியக் குடிச்சவன் நானு. அந்தத் தண்ணி இன்னும் என் நாக்குல நிக்குது. அதை ஒருத்தரும் பொய்யின்னு சொல்ல முடியாது."

கீழே மணலில், முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த சோலையம்மாள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அதுவும் கொழாத் தண்ணிதாங்க. நீங்க இங்கன நின்னு பேசிக்கிட்டு இருக்கையில, நான் அங்கன வரிசையில மூணாவது ஆளு."